‘வயித்துல கயிறு’ன்னு ஒரு பேரா? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழ் முழுக்க ஒரே பெயர்தான். தாமோதரன். பெயர்களைப் பற்றி வரும் கடிதங்களில் இந்தப் பெயரைக் கேட்டு வந்தவை மட்டும் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன, அதனால் எல்லாவற்றையும் சேர்த்தே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கேள்வி: என் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. என் மாமனார் பெயர் தாமோதரன். பேரனுக்கு அதையே வைக்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் ஆசை. மருமகள் போனில் தேடிப் பார்த்துவிட்டு, “அத்தை, வயித்துல கயிறுன்னு அர்த்தம் போட்டிருக்கு. இப்படியா ஒரு குழந்தைக்குப் பேர் வைப்பாங்க?” என்கிறாள். பெருமாள் பேர் என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் மருமகள் படித்தது சரிதான் அம்மா, அதில் சண்டைக்கு இடமில்லை. தாமம் என்றால் கயிறு, உதரம் என்றால் வயிறு. வயிற்றில் கயிறு கட்டப்பட்டவன் தாமோதரன். ஆனால் போன் அதோடு நிறுத்திவிட்டது. யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் உங்கள் மருமகள் சமாதானமாகிவிடுவார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கைக்குழந்தை வைத்திருக்கிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரிந்த கதைதான்.

பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில் வருகிறது. ஒரு நாள் காலையில் யசோதை தயிர் கடைந்துகொண்டிருக்கிறாள். கண்ணன் வந்து மத்தைப் பிடித்து நிறுத்துகிறான், பால் குடிக்க வேண்டும். மடியில் போட்டுக் கொடுக்கிறாள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் வைத்த பால் பொங்குகிறது, பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுகிறாள். பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கல்லை எடுத்துத் தயிர்ப்பானையை உடைத்துவிட்டு, உள்ளே போய் வெண்ணெயை எடுத்துத் தின்கிறான். அவள் திரும்பி வந்து பார்த்தால் ஆள் கவிழ்த்துப் போட்ட உரல்மேல் உட்கார்ந்து குரங்குக்கு வெண்ணெய் ஊட்டிக்கொண்டிருக்கிறான், நடுநடுவே அம்மா வருகிறாளா என்று திரும்பித் திரும்பி வேறு பார்த்துக்கொள்கிறான்.

கோலை எடுத்துக்கொண்டு துரத்துகிறாள். ஓடுகிறான். கடைசியில் பிடித்துவிடுகிறாள். அவன் அழுதுகொண்டே கண்ணைக் கசக்க, மை முகமெல்லாம் அப்பிக்கொள்கிறது. பிள்ளை பயந்துவிட்டது என்று தெரிந்ததும் கோலைத் தூக்கி எறிந்துவிடுகிறாள். அடிக்க மனசில்லை, சும்மா விடவும் மனசில்லை, சரி கட்டிப்போடுவோம் என்று உரலோடு சேர்த்துக் கட்டப் போகிறாள். கயிறு இரண்டு விரற்கடை குறைகிறது. இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டுச் சேர்க்கிறாள், அப்போதும் அதே இரண்டு விரல். வீட்டில் இருக்கிற கயிறெல்லாம் வந்துவிட்டது, இரண்டு விரல் இரண்டு விரலாகவே நிற்கிறது. சுற்றி நிற்கிற ஆய்ச்சியர் சிரிக்கிறார்கள், யசோதைக்கு வியர்த்து ஊற்றுகிறது, தலையில் வைத்த பூ உதிர்கிறது. அம்மா களைத்துவிட்டாள் என்று பார்த்தபிறகு, போகட்டும் என்று அவனே கட்டுப்பட்டுக்கொள்கிறான்.

அந்த இரண்டு விரலுக்கு வைணவ உரைகாரர்களிடம் ஒரு விளக்கம் உண்டு. ஒரு விரல் பக்தருடைய முயற்சி, இன்னொரு விரல் பகவானுடைய கிருபை, இரண்டும் சேராமல் கயிறு எட்டாது என்பார்கள். நல்ல விளக்கம்தான். எனக்கு அதைவிட, கோலைத் தூக்கி எறிகிற இடம் பிடிக்கும்.

இப்போது பெயருக்கு வருவோம். பெருமாளின் பெயர்களில் பாதி ஜெயித்த கதை. மதுவைக் கொன்றதால் மதுசூதனன், முரனைக் கொன்றதால் முராரி, மூன்றடியால் உலகளந்ததால் திரிவிக்கிரமன். தாமோதரன் அவர் தோற்றுப்போன கதை, அதுவும் அம்மாவிடம், அதுவும் வெண்ணெய் திருடி மாட்டிக்கொண்டு. அந்தத் தோல்வியை ஒரு பட்டப்பெயராகவே வைத்துக்கொண்டார் என்பதுதான் இதில் விசேஷம். உங்கள் மருமகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: சகஸ்ரநாமத்தில் இருக்கிற ஆயிரத்தில், ஒரு அம்மா தன் கையால் சம்பாதித்துக் கொடுத்த பேர் இது.

வடமொழிப் பேராச்சே, நமக்கும் இதற்கும் என்ன என்று யாராவது வீட்டில் கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. இந்தக் கதை தமிழில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில், மதுரையில் கோவலன் கொலையுண்ட வேளையை ஒட்டி, ஆயர்சேரியில் கெட்ட சகுனங்களைப் பார்த்துப் பெண்கள் குரவை ஆடுகிறார்களே, அங்கே வருகிறது. “கடல்வண்ணன் பண்டொருநாள் கடல்வயிறு கலக்கினையே, கலக்கியகை அசோதையார் கடைகயிற்றால் கட்டுண்கை” என்று பாடுகிறார்கள். மந்தர மலையை மத்தாக வைத்து, வாசுகியைக் கயிறாக்கிப் பாற்கடலைக் கடைந்த அதே கை, தயிர் கடைகிற கயிற்றால் கட்டுப்பட்டது. மத்தும் கயிறும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், கடைகிற ஆள்தான் வேறு. இதை இளங்கோ எந்தப் பண்டிதர் வாயிலும் வைக்கவில்லை, தினமும் தயிர் கடைகிறவர்களையே பாடவிட்டார். “மாயமோ மருட்கைத்தே” என்று முடிக்கிறார்கள், அவர்களுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

ஆழ்வார்களுக்கு இந்த உரல் ஒரு பலவீனம் என்றே சொல்லலாம். நம்மாழ்வார் திருவாய்மொழியில் “பத்துடை அடியவர்க்கு எளியவன்” என்று ஆரம்பித்து, வெண்ணெய் களவில் அகப்பட்டு “உரலினோடு இணைந்திருந்து ஏங்கிய எளிவே” என்று முடிக்கிறார். நடுவில் ‘எத்திறம்’ என்று ஒரு சொல். இது என்ன மாதிரியான ஒரு தன்மை, என்று திகைத்து அப்படியே ஆறு மாதம் மயங்கிக் கிடந்தார் என்று வைணவ மரபில் சொல்வார்கள். உலகளந்ததைப் பாடும்போது மயங்காதவர், உரலோடு உரலாக உட்கார்ந்து ஏங்கினதைப் பாடும்போது மயங்கிவிட்டார். அவருடைய சீடர் மதுரகவி, குருவைப் பற்றி மட்டுமே பாட வந்தவர், அவர்கூட முதல் அடியை “கண்ணிநுண் சிறுத்தாம்பினால் கட்டுண்ணப் பண்ணிய பெருமாயன்” என்றுதான் எடுக்கிறார். முடிச்சு முடிச்சான, மெல்லிசான, நீளம் போதாத தாம்பு. உறுத்தியிருக்குமே என்கிற கவலை அந்த அடைமொழிகளிலேயே தெரிகிறது. நாதமுனிகள் இந்தப் பதினோரு பாசுரத்தைப் பன்னிரண்டாயிரம் தடவை சொல்லித்தான் ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களையும் மீட்டார் என்பது மரபு வரலாறு.

ஆண்டாளைச் சொல்லாமல் விட முடியாது. திருப்பாவை ஐந்தாம் பாட்டில் “தாயைக் குடல்விளக்கம் செய்த தாமோதரனை” என்கிறாள். பெற்ற தாயின் வயிற்றை விளங்கச் செய்தவன் என்று சொல்லிவிட்டு, அடுத்த சொல்லாகத் தன் வயிற்றில் கயிறு வாங்கியவனின் பெயரை வைக்கிறாள். மார்கழியில் வருஷா வருஷம் நாம் வேகமாகச் சொல்லிக்கொண்டு போய்விடுகிற வரி.

உங்கள் வீட்டுக்காரரின் ஆசை நல்ல ஆசைதான். மருமகளுக்குக் கதை தெரிந்த பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், பெற்றவளுக்குப் பிடிக்காத பேரை வைத்துவிட்டு அதுவும் இந்தப் பேரை வைத்துவிட்டு என்ன பிரயோஜனம்.

கேள்வி: உபன்யாசகர் ஒருவர், தாமோதரன் என்றால் கயிறெல்லாம் இல்லை, புலனடக்கம் உள்ளவன் என்றுதான் பொருள் என்றார். எது சரி? (ஒரு வாசகர், மயிலாப்பூர்)

பதில்: அவர் கையிலிருந்து சொல்லவில்லை. மகாபாரதம் உத்தியோக பர்வத்தில் சஞ்சயன் திருதராஷ்டிரனுக்குக் கண்ணனின் பெயர்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கம் சொல்கிறான், அங்கே ‘தமம்’ அதாவது அடக்கத்தால் தாமோதரன் என்று வருகிறது. விஷ்ணு சகஸ்ரநாமத்தில் இது 367-ஆவது நாமம். சங்கரர் தம் பாஷ்யத்தில் அடக்கம் முதலிய சாதனைகளால் உயர்ந்த புத்தியைக் கொண்டு அடையப்படுபவன் என்று ஒரு பொருள் சொல்கிறார், யசோதை கயிற்றால் கட்டினதையும் சொல்கிறார், ‘தாமம்’ என்பது உலகங்களுக்குப் பேர், அவற்றை வயிற்றில் வைத்திருப்பவன் என்று மூன்றாவதாக ஒன்றும் சொல்கிறார். ஆக உங்கள் உபன்யாசகர் சொன்னது இருக்கிறது, ‘கயிறெல்லாம் இல்லை’ என்று அவர் சேர்த்துக்கொண்டதுதான் இல்லை.

எனக்குக் கேட்டால், மூன்றாவது பொருளையும் கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ரொம்ப அழகு. எல்லா உலகமும் அந்த வயிற்றுக்குள் என்றால் கயிறு எப்படிப் போதும்? இரண்டு விரல் குறைந்ததில் ஆச்சரியமில்லை, இரண்டே விரல்தான் குறைந்தது என்பதுதான் ஆச்சரியம்.

கேள்வி: நாங்கள் பரம்பரைச் சைவர்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு முன் ஒருவர் தாமோதரம் பிள்ளை. பங்காளிகள் சிலர், முன்பு நாம் வைணவராக இருந்திருப்போம் என்கிறார்கள். இருக்குமா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: பெயரை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. சைவக் குடும்பங்களில் நாராயணன், கிருஷ்ணன், கோவிந்தன் எல்லாம் தாராளமாக உண்டு, மாமன் வழியில் வந்திருக்கலாம், வேண்டுதலாக இருக்கலாம், பிடித்திருந்து வைத்திருக்கலாம்.

உங்களுக்குப் பெரிய துணை ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். ஏட்டுச் சுவடியில் செல்லரித்துக்கொண்டிருந்த நூல்களைத் தேடிப் பிடித்து அச்சில் ஏற்றியவர். கலித்தொகையை 1887-இல் பதிப்பித்தார், தொல்காப்பியம், வீரசோழியம், சூளாமணி என்று பட்டியல் நீளும். உ. வே. சா. பேர் எல்லோருக்கும் தெரிகிறது, இவர் பேர் அந்த அளவுக்குத் தெரிவதில்லை, அது எனக்கு ஒரு குறைதான். அவர் இளமையில் கிறித்தவச் சூழலில் படித்து வளர்ந்து பிற்பாடு சைவத்தில் ஊன்றி நின்றவர். பெயர் என்னவோ பெருமாள் பெயர். அவரை யாரும் அதற்காக வைணவர் என்று சொன்னதில்லை.

இன்னும் பின்னால் போனால் சங்க காலத்திலேயே தாமோதரன்கள் இருக்கிறார்கள். உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்று ஒரு புலவர், புறநானூற்று 60-ஆம் பாட்டு அவருடையது: வழியில் போகும்போது முழுநிலவைப் பார்க்கிறார்கள், உடனே எங்கள் சோழன் வளவனின் வெண்குடை மாதிரி இருக்கிறதே என்று கும்பிடுகிறார்கள். 172-ஆம் பாட்டைப் பாடியவர் வடம வண்ணக்கன் தாமோதரனார், வண்ணக்கன் என்றால் பொன்னையும் நாணயத்தையும் சோதித்துப் பார்க்கிறவர். ஒருவர் வைத்தியர், ஒருவர் காசு சோதிக்கிறவர். சங்ககாலத்திலேயே இப்படித் தொழில் பார்க்கிறவர்களிடம் புழங்கிய பேர் என்றால் உங்கள் தாத்தாவுக்கு வந்ததில் என்ன அதிசயம்.

அப்புறம் ஒரு உபரித் தகவல், பங்காளிகளிடம் போட்டுப் பாருங்கள்: கோவாவில் ஜாம்பாவலி என்ற ஊரில் ஸ்ரீ தாமோதர் கோயில் இருக்கிறது. போர்ச்சுகீசியர் காலத்தில் மட்காவ் ஊரிலிருந்து தப்பித்து அங்கே போன சாமி. அங்கே தாமோதர் என்று கும்பிடுவது சிவனை.

கேள்வி: கங்காதரன், ஸ்ரீதரன், முரளிதரன் வரிசையில்தானே தாமோதரனும்? ‘தாமோ’ என்றால் என்ன? இங்கிலீஷில் எப்படி எழுதுவது சரி? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: காதுக்கு அப்படித்தான் கேட்கும், ஆனால் இவர் அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. கங்காதரன் கங்கையைத் தரித்தவன், முரளிதரன் குழலைத் தரித்தவன், கிரிதரன் மலையைத் தூக்கினவன். தாமோதரனில் ‘தரன்’ கிடையாது, தாம + உதரன். இவருடைய சொந்தக்காரர்கள் வேறு: தொந்தியுள்ள பிள்ளையார் லம்போதரன், ஓநாய் வயிற்றுப் பீமன் விருகோதரன், ராவணன் மனைவி மண்டோதரி, அப்புறம் நாம் தினமும் சொல்கிற சகோதரன், ஒரே வயிற்றில் பிறந்தவன். எல்லாம் வயிற்றுக் கோஷ்டி. ‘தாமோ’ என்று ஒன்று தனியாக இல்லை. கல்யாணப் பத்திரிகைகளில் ‘தாமோதிரன்’ என்றுகூட அச்சாகி வருகிறது, மோதிரத்தின் சகவாசமாக இருக்கும்.

இங்கிலீஷ் எழுத்துக்கு வருவோம். வடமொழி உச்சரிப்புப்படி இரண்டு இடத்திலும் டெல்லிக்குப் போடுகிற எழுத்து ஒன்று போதும், பக்கத்தில் ‘எச்’ தேவையில்லை. தமிழ்நாட்டில் நாம் இரண்டு இடத்திலும் ‘எச்’ போட்டு எழுதுகிறோம், இல்லாவிட்டால் வெளியூர்க்காரர் ‘டாமோடரன்’ என்று கூப்பிட்டுவிடுவார் என்ற பயம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் தஞ்சாவூருக்குப் போடுகிற எழுத்தில் ஆரம்பித்து எழுதுவார்கள், தமிழ்த் ‘த’வை அப்படியே கொண்டுபோகிற வழி அது. எதுவும் தப்பில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் எதைப் போட்டீர்களோ அதையே ஆதார், பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் வரைக்கும் பிடித்துக்கொண்டு போங்கள். ஓர் எழுத்து மாறினதற்காக அலைகிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

கேள்வி: கார்த்திகையில் பிறந்த பையனுக்குத் தாமோதரன் என்று வைக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னார். அப்படி விதி உண்டா? (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: விதி என்று சொல்ல முடியாது, மரபு உண்டு. பெருமாளுக்குக் கேசவன் தொடங்கிப் பன்னிரண்டு நாமங்கள்: கேசவன், நாராயணன், மாதவன், கோவிந்தன், விஷ்ணு, மதுசூதனன், திரிவிக்கிரமன், வாமனன், ஸ்ரீதரன், இருடீகேசன், பத்மநாபன், தாமோதரன். மாதம் ஒன்றுக்கு ஒரு நாமம். மார்கழி கேசவனுக்கு, அங்கிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் கடைசி மாதமான கார்த்திகை தாமோதரனுக்கு. வடக்கே சந்திரமானப்படி வருகிற கார்த்திக மாதத்தையே தாமோதர மாதம் என்கிறார்கள். சைதன்யர் வழிவந்த கௌடிய வைணவர்கள் அந்த மாதம் முழுக்கச் சாயங்காலம் விளக்கேற்றித் தாமோதராஷ்டகம் பாடுவார்கள், அந்த எட்டு சுலோகத்தில் முதல் இரண்டிலேயே நம்ம உரலும் கண்ணைக் கசக்குகிற பிள்ளையும் வந்துவிடுகிறார்கள்.

நம்மாழ்வார் இந்தப் பன்னிரண்டு பெயருக்கும் வரிசையாக ஒவ்வொரு பாசுரம் பாடியிருக்கிறார், ‘கேசவன் தமர்’ என்று தொடங்கும் பதிகம். வழக்கமாகப் பதினொன்றோடு முடிகிற பதிகம் இங்கே பன்னிரண்டு பெயரும் அடங்க வேண்டுமே என்று பதின்மூன்றாகிவிட்டது. ஆசமனம் என்கிற நீர்ச்சடங்கு செய்கிறவர்களுக்கு இந்த வரிசை கைக்கே பழகியிருக்கும், கன்னத்தில் ஆரம்பித்துக் கண், மூக்கு, காது, தோள் என்று தொட்டு வந்து, பத்மநாபா என்று தொப்புளையும் தாமோதரா என்று தலையையும் தொடுவார்கள். வயிற்றுக்காரருக்குத் தலை கிடைத்தது எப்படி என்று எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு.

உங்கள் பையன் கார்த்திகையில் பிறந்திருந்தால் வைக்கலாம். ஆடியில் பிறந்திருந்தாலும் வைக்கலாம்.

கேள்வி: தாமோதரன் என்ற பெயரிலேயே தமிழ்நாட்டில் பெருமாள் இருக்கிறாரா? பெயர் வைத்துவிட்டுப் போய் ஒரு அர்ச்சனை செய்ய ஆசை. (ஒரு வாசகி, வேலூர்)

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். வேலூரிலிருந்து காஞ்சிபுரம் வரும் வழியில், காஞ்சிக்குக் கொஞ்சம் முன்னால் தாமல் என்ற ஊர். அங்கே தாமோதரப் பெருமாள் கோயில். ஊர்ப் பேரே அவர் பேரிலிருந்து வந்தது என்பார்கள். பெரிய கூட்டமெல்லாம் இருக்காது, நின்று நிதானமாகச் சேவிக்கலாம்.

கொஞ்சம் தூரம் போக முடியுமானால் திருக்கண்ணங்குடிக்கும் போய் வாருங்கள். நாகப்பட்டினம் பக்கம், சிக்கலுக்கு அருகில், 108 திவ்யதேசங்களில் ஒன்று. மூலவர் லோகநாதப் பெருமாள், உற்சவர் தாமோதர நாராயணன். தலபுராணம் இந்தப் பெயருக்கென்றே எழுதின மாதிரி இருக்கும்: வசிஷ்டர் வெண்ணெயில் ஒரு கிருஷ்ண விக்கிரகம் பண்ணி, பக்தியால் அது உருகாமல் வைத்துப் பூஜை செய்துவந்தாராம். ஒரு நாள் கண்ணன் சின்னப் பிள்ளையாக வந்து விக்கிரகத்தையே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டான். வசிஷ்டர் துரத்துகிறார். இங்கே மகிழமரத்தடியில் தவம் செய்துகொண்டிருந்த ரிஷிகள் அவனைப் பிடித்துக் கட்டிவிட்டார்கள், பக்தியால். மறுபடியும் வெண்ணெய், மறுபடியும் கட்டு. ஆசாமி திருந்தவே இல்லை.

கேள்வி: வடக்கே தாமோதர் என்று ஒரு நதி இருக்கிறதே, அதற்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தம் உண்டா? அங்கேயும் ஆட்களுக்கு இந்தப் பெயர் வைப்பார்களா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: நிறைய வைப்பார்கள். மராத்தியிலும் குஜராத்தியிலும் அப்பா பேர் நடுவில் வரும் என்பதால் நமக்கு அடிக்கடி கண்ணில் படும். விநாயக் தாமோதர் சாவர்க்கர், இப்போதைய பிரதமர் நரேந்திர தாமோதர்தாஸ் மோடி இரண்டும் அப்படித்தான், தாமோதர் அவர்கள் அப்பா பேர். வரலாற்றாசிரியர் டி. டி. கோசாம்பிக்கு அது சொந்தப் பேர். அரசியலில் எதிரெதிர்த் திசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் பொதுவாகப் போயிருக்கிறது. தெலுங்கு நாட்டில் குடும்பப் பெயராகவும் உண்டு, 1960-இல் ஆந்திர முதலமைச்சரான தாமோதரம் சஞ்சீவய்யா ஞாபகமிருக்கலாம். குஜராத் ஜூனாகட்டில் கிர்னார் மலையடிவாரத்தில் தாமோதர் குண்டம் இருக்கிறது, பக்தகவி நரசி மேத்தா தினம் குளித்த இடம் என்று சொல்வார்கள்.

நதி ஜார்க்கண்டில் பிறந்து வங்காளத்துக்குள் ஓடுகிறது. வெள்ளத்தால் பண்ணின அட்டகாசத்துக்கு வங்காளத்தின் துயரம் என்றே அதற்குப் பேர். 1943 வெள்ளத்துக்குப் பிறகு, இனிமேல் தாங்காது என்று 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அமைத்து, திலையா, கோனார், மைதோன், பாஞ்செத் என்று வரிசையாக அணை கட்டினார்கள். பெயர் எதனால் வந்திருந்தாலும், கட்டிப்போட்ட பிறகுதான் கொஞ்சம் அடங்கியது.

கேள்வி: பெயர் பிடித்திருக்கிறது, ஆனால் கிளாஸில் எல்லோரும் ரெண்டெழுத்து, மூணெழுத்துப் பேராக இருக்கும்போது என் பையன் மட்டும் தாமோதரனாக இருந்தால் கிழவன் பேர் என்று கிண்டல் செய்வார்களே? (ஒரு வாசகி, பெங்களூரு)

பதில்: செய்வார்கள். எந்தப் பேர் வைத்தாலும் செய்வார்கள், பசங்களுக்கு அது ஒரு வேலை. தாமோதரனில் தாமு என்று கூப்பிட ஒரு பேர் தயாராகவே இருக்கிறது, அது எந்தக் காலத்திலும் ஓடும். ‘கிழவன் பேர்’ என்பதும் ஒரு நிரந்தர நிலைமை கிடையாது. ஆதித்யா, அர்ஜுன் எல்லாம் புராணத்தில் இருந்த பழைய பேர்கள்தான், இன்றைக்கு எந்த எல்.கே.ஜி. வகுப்பில் போய்க் கூப்பிட்டாலும் ரெண்டு தலை திரும்பும். தாமோதரனுக்கு அந்த யோகம் இன்னும் வரவில்லை, அதில் ஒரு லாபம், ஆஜர் எடுக்கும்போது உங்கள் பையனுக்கு இனிஷியல் சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: தாமோதரன் என்று முடிவு செய்துவிட்டோம். எண்கணிதம் பார்ப்பவர், கூட்டுத்தொகை சரியில்லை, இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் ஓர் ‘ஓ’ கூடுதலாகப் போடுங்கள் என்கிறார். குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது, பெயர் இல்லாமல்தான் பிறப்பைப் பதிவு செய்திருக்கிறோம். நேரமாகிவிட்டதா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: நேரம் நிறைய இருக்கிறது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். பெயரைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி உண்டு. ஆனால் ஏறின பேரை மாற்றுவது லேசான காரியமில்லை, அதனால் எழுத்தை யோசித்துக் கொடுங்கள், அப்பா அம்மா ரெண்டு பேரும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டு போய்க் கொடுங்கள்.

அந்தக் கூடுதல் ‘ஓ’வைப் பற்றி: போட்டால் ‘தாமூதரன்’ என்று படிப்பார்கள். வேண்டாம்.